சின்ன வீட்டை வாங்கி இழுத்துக் கட்டலாமா? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவர நினைக்கும் குடும்பங்களுக்கு வங்கி, சேமநிதி, நில அலுவலகப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். யார் வந்தாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கும்: வீடு சின்னதுதான், விலை கட்டுப்படியாகிறது, வாங்கிக் கொல்லைப்பக்கம் இழுத்துக் கட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாமா? கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன்.

இரண்டு அறை வீடு மலிவாக வருகிறது. அதை வாங்கிப் பின்னால் இழுத்துக் கட்டினால், பெரிய வீடு வாங்குவதைவிடச் செலவு குறையும் அல்லவா?

மொத்தச் செலவு குறையலாம். ஆனால் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய ரொக்கம் பெரும்பாலும் கூடிவிடும். வங்கி வீட்டுக்குத்தான் கடன் கொடுக்கிறது, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் சமையலறைக்கு அல்ல.

ஓர் உதாரணக் கணக்கு. சின்ன வீடு 130,000 வெள்ளி (ரிங்கிட்), இழுத்துக் கட்ட 50,000 வெள்ளி, மொத்தம் 180,000. ஏற்கெனவே முறையாகப் பெரிதாக்கப்பட்ட இன்னொரு வீடு 190,000. பார்த்தவுடன் சின்ன வீட்டில் பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தால், சின்ன வீட்டுக்கு உங்கள் கைப்பணம் 13,000, கட்டுமானத்துக்கு 50,000, ஆக 63,000. பெரிய வீட்டுக்கு 19,000 போதும். மாதத் தவணை கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் 44,000 வெள்ளியை எங்கிருந்து புரட்டுவது என்ற கேள்வியே எழாது. வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி போன்ற செலவுகளும் இருக்கலாம். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படியென்றால் சின்ன வீட்டை வாங்கவே கூடாது என்கிறீர்களா?

இல்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல், இன்றிருக்கும் நிலையிலேயே அந்த வீட்டில் உங்கள் குடும்பம் மூன்று ஆண்டுகள் இருக்க முடியுமா? முடியும் என்றால் வாங்கலாம். பணம் சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். முடியாது என்றால், நீங்கள் இன்னும் இல்லாத ஒரு வீட்டை நம்பி விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அனுமதி தாமதமாகும், கான்ட்ராக்டர் தாமதமாவார், இடையில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வரும். ஆறு பேர் இரண்டு அறையில் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருக்கும் நிலையில் நிதானமாக எந்த முடிவையும் எடுக்க முடியாது.

வீடு பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஏஜெண்ட் வரவேற்பறையையும் டைல்ஸையும்தான் காட்டுகிறார்.

நேராகக் கொல்லைப்பக்கம் போங்கள். கையில் அளவு நாடா இருக்கட்டும். பின்சுவரிலிருந்து எல்லை வரை எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 20 அடி அகல வீட்டில் பின்னால் 10 அடி இருந்தால் 200 சதுர அடி. அதற்குள்தான் உங்கள் சமையலறையும் கூடுதல் அறையும் அடங்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருக்கும் பின்சந்து பொதுவழி. அதை யாரும் யாருக்கும் விற்க முடியாது.

அடுத்தது தரை. கழிவுநீர்த் தொட்டியின் மூடியோ மேன்ஹோல் மூடியோ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய மலிவு விலை வீடுகளில் தொட்டி சரியாகக் கொல்லையின் நடுவில் இருக்கும், மேலே புல்லோ சிமெண்டோ மூடியிருக்கும். அதன்மேல் அறை கட்ட முடியாது. கட்டினால் தொட்டியைக் காலி செய்ய வரும் லாரிக் குழாய்க்கு வழி இருக்காது. மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாவிட்டால், தெரிந்த பிறகு விலை பேசுங்கள்.

பிறகு கூரை. பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருக்கும் தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடையாமல் அப்படியே இருக்கும்வரை தொந்தரவில்லை. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதைக் கழற்றும் வேலை, நனைத்து முழுத் தகடாக இறக்கத் தெரிந்தவர்களின் வேலை. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். மரச்சட்டங்களில் மண் கோடு ஓடியிருந்தால் கரையான். கடைசியாக, அதே வரிசையில் இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, சுவர் பிரிந்ததா, மழைக்கு ஒழுகுகிறதா என்று கேளுங்கள். ஏஜெண்டிடம் கிடைக்காத பதில் அந்த வீட்டு அக்காவிடம் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், என்ன பார்க்க வேண்டும்? விற்பவர் நகல் கொடுத்திருக்கிறார்.

அந்த நகலை வைத்து முடிவெடுக்காதீர்கள். நில அலுவலகத்தில் 'சாரியான்' (பதிவேட்டுத் தேடல்) எடுங்கள், அல்லது வழக்கறிஞரை எடுக்கச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் யார் பெயரில் இருக்கிறது, வங்கி அடமானம் இருக்கிறதா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்பது அதில் தெரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

மூன்று இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒன்று, நிரந்தர நிலமா, 'பஜாக்கான்' எனப்படும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகை நிலமா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம். மிச்ச ஆண்டு குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். பாதி ஆயுள் போன நிலத்தில் 50,000 வெள்ளிக்குக் கட்டுவது உங்களுக்குச் சரியா என்று யோசியுங்கள். இரண்டு, 'செக்காத்தான் கெபெந்திங்ஙான்' என்ற வரி. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று அதில் எழுதியிருந்தால், கூடுதலாகச் சில மாதங்கள் ஆகும். மூன்று, நிலம் மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது. அப்படியானால் அது நம் பெயருக்கு மாறாது. எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வீடு இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. மூத்த மகன் விற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

இப்போது வேண்டாம். மூத்த மகன் என்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆவதில்லை. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி நில அலுவலகத்தில் மனுச் செய்து, வாரிசுகள் அனைவரும் வந்து, பங்கீட்டு உத்தரவு கிடைத்த பிறகே யாராலும் விற்க முடியும். அவர்கள் அதை முடித்துக்கொண்டு வரட்டும். அதற்குள் "அட்வான்ஸ்" கொடுத்து, "அவர்கள் பெயர் மாற்றுவதற்குள் நாம் அடுக்களையைக் கட்டிவிடலாம்" என்று இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஒரு தங்கை கையெழுத்துப் போட மறுத்தால், கட்டிய சுவர் அவர்களுக்குச் சொந்தம்.

கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு வீடு 40,000 வெள்ளிக்கு வருகிறது. பக்கத்தில் காலி இடமும் நிறைய இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். டிஓஎல் தாள் இருக்கிறதாம்.

டிஓஎல் என்பது அரசு நிலத்தில் தற்காலிகமாக இருந்துகொள்ளக் கொடுக்கும் உரிமம். அந்த ஆண்டின் இறுதியோடு அது முடிந்துவிடும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். விற்பவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத் தாளில் எத்தனை முத்திரை இருந்தாலும் நிலம் உங்களுடையதாகாது. வங்கியும் கடன் தராது.

தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து, வேலை முடிந்ததும் வீட்டையும் விட்டுக்கொடுத்து வெளியே வந்த சமூகம் நம்முடையது. சேமித்த பணத்தை மறுபடியும் பிறருடைய நிலத்தில் கொட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் அனுமதி வாங்காமல்தான் கட்டியிருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கோலகங்சாருக்கு அலைய வேண்டும்?

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பவோ மாற்றிக் கட்டவோ கூடாது என்கிறது. சுங்கை சிப்புட்டுக்கு அந்த மன்றம் கோலகங்சார் நகராண்மைக் கழகம். நூறு பேர் மீறியிருந்தாலும், ஒருவர் புகார் கொடுத்தால் நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

அலைச்சல் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. பிளான் வரைந்து சமர்ப்பிக்கப் பதிவு பெற்ற வரைவாளர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டி, "இந்த மனையில் பின்னால் எதுவரை அனுமதி கிடைக்கும்?" என்று கேளுங்கள். எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்பது தாமானுக்குத் தாமான் மாறும். அந்தப் பதில் தெரியாமல் விலை பேசுவது வீண்.

முன்பிருந்தவரே பின்னால் கட்டி முடித்துவிட்டார். நமக்கு வேலை மிச்சம்தானே?

அனுமதி பெற்ற பிளானைக் காட்டினால் மிச்சம். காட்டாவிட்டால் அந்தத் தலைவலியையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும்.

பணத்திலும் அடி விழும். வங்கி, விற்பனை விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன் தரும். அனுமதியில்லாத பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் எடுக்காமல் போகலாம். முதல் பதிலில் சொன்ன 190,000 வெள்ளி வீட்டை 150,000 என்று மதிப்பிட்டால் கடன் 135,000தான் வரும். மீதி 55,000 உங்கள் கையிலிருந்து. அதனால்தான் அங்கே "முறையாக" என்ற சொல்லைப் போட்டேன்.

கூடுதல் அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு கட்டிலும் அலமாரியும் போட்டால் போதும்.

1984ஆம் ஆண்டின் ஒருசீரான கட்டட விதிகளில் குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 6.5 என்பது ஏறத்தாழ 70 சதுர அடி. அறையின் அகலம் 2 மீட்டராவது இருக்க வேண்டும். சமையலறைக்கு 4.5 சதுர மீட்டரும் 1.5 மீட்டர் அகலமும். படுக்கையறையின் உயரம் 2.5 மீட்டர்.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வெளிச்சம். அதே விதிகள், தரைப்பரப்பில் 10 விழுக்காடு அளவுக்குச் சன்னலும், 5 விழுக்காடு அளவுக்குக் காற்று நுழையும் திறப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. வரிசை வீட்டில் இரண்டு பக்கமும் பிறர் சுவர். பின்சுவரிலிருந்த சன்னலை அடைத்து அதற்குப் பின்னால் சமையலறையைக் கட்டினால், நடுவில் இருக்கும் படுக்கையறை பகலிலும் விளக்குப் போட வேண்டிய குகையாகிவிடும். நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் பாட்டிக்குத்தான் அந்த அறையை ஒதுக்குவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். நாலடி அகலத்துக்காவது திறந்த முற்றம் ஒன்றை இடையில் விட்டுக் கட்டுங்கள். இடம் குறையும், ஆனால் வீடு மூச்சுவிடும்.

பின்னால் கட்டிய வீடுகளில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் வெடித்துப் பிரிகிறதே, ஏன்?

பழைய வீடு தன் அடித்தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே அமர்ந்துவிட்டது. புதுப் பகுதி இனிமேல்தான் அமரும். பழையது பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கம்பங்கள்) மேல் நிற்க, புதியதை வெறும் மண்மேல் சிமெண்டு ஊற்றி எழுப்பினால், புதியது மட்டும் இறங்கும். விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், புதுப் பகுதி பின்னோக்கிச் சாய்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பூச்சுப் பூசி மறைத்திருந்தால், தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் உருளுகிறது என்று தெரியும்.

நம் மாநிலத்தில் பழைய ஈயச் சுரங்க நிலங்களும் நிரப்பிய நிலங்களும் உண்டு. அங்கெல்லாம் மண்ணுக்கு ஏற்ற பைலிங் இல்லாமல் கட்டக் கூடாது. பைலிங் தேவையா என்று கான்ட்ராக்டரிடம் மட்டும் கேட்காதீர்கள், பொறியாளரிடம் கேளுங்கள். புதுப் பகுதிக்குத் தனித் தூண்கள் வேண்டும். இரண்டும் சேரும் இடத்தைக் கெட்டியாகப் பூசாமல், அசைவதற்கு இடம் கொடுத்து ரப்பர் போன்ற பொருளால் அடைக்க வேண்டும்.

பின்னால் இடமில்லை. மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாமா?

மாடியில்லாத வீட்டின் அடித்தளம் தரைத்தளத்துக்கு மட்டும்தான் போடப்பட்டது. மேலே எழுப்பப் பொறியாளர் கணக்கிட்டுப் புதுத் தூண்களும் புது அடித்தளமும் போட வேண்டும், கூரை முழுவதும் இறங்கும், வேலை முடியும்வரை வேறிடத்தில் வாடகை கொடுக்க வேண்டும். மாடி கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு வீடு பாருங்கள்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து இழுத்துக் கட்டலாமா?

வீடு வாங்க எடுக்கலாம், புதுப்பிக்க என்று கேட்டு எடுக்க முடியாது. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக்கு எடுப்பது முன்பு இரண்டாம் கணக்கு என்று சொன்ன 'செஜாத்ரா' கணக்கிலிருந்து. வீட்டு விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசமும், அதற்குமேல் விலையில் 10 விழுக்காடும் எடுக்கலாம், கணக்கில் அவ்வளவு இருந்தால். முதல் பதிலின் சின்ன வீட்டுக்கு அது 13,000, இன்னொரு 13,000, ஆக 26,000 வெள்ளி. 'ஃபிளெக்சிபல்' கணக்கில் இருப்பதை எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம். ஆனால் அது அவசரத்துக்கு என்று இருக்கும் பணம்.

அப்படியானால் மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கிவிடலாமே?

வட்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 50,000 வெள்ளிக்கு, கடைசிவரை முழு அசலுக்கே கணக்கிடும் 6 விழுக்காடு 'ஃபிளாட்' வட்டி, 7 ஆண்டு என்றால் வட்டி மட்டும் 21,000, மாதம் ஏறத்தாழ 845 வெள்ளி. இந்த முறையில் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது. வீட்டுக் கடனில் பாக்கிக்கு மட்டும் வட்டி. விழுக்காட்டைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று ஏமாறக் கூடாது. அரசு ஊழியராக இருந்தால், அவர்களுக்கு வீட்டு நிதி கொடுக்கும் அமைப்பான எல்பிபிஎஸ்ஏவில் வீட்டைப் புதுப்பிக்கவும் நிதி உண்டு, அதை முதலில் விசாரியுங்கள்.

அக்கா, அப்பா இன்னும் எட்டு மாதத்தில் தோட்டத்தில் ஓய்வு பெறுகிறார். வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் வாங்கிக் கட்டி முடிக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தம் போட்ட பிறகு பணம் கட்டி முடிக்க வழக்கமாக மூன்று மாதம், வேண்டுமானால் இன்னொரு மாதம். மாநில ஒப்புதல் வேண்டிய நிலமென்றால் அதற்கான காலம் தனி. சாவி கைக்கு வந்த பிறகுதான் பிளான், பைலிங், கூரை எல்லாம்.

உங்கள் நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வது, அறை எண்ணிக்கை சரியாக இருக்கும் பழைய வீட்டைப் பாருங்கள். டைல்ஸ் உடைந்திருந்தாலும், வண்ணம் உரிந்திருந்தாலும் பரவாயில்லை. கட்டுமானச் செலவில் ஒரு சிறு பங்கை எடுத்து, குந்தி உட்காரும் கழிவறையை உட்காரும் கழிவறையாக மாற்றி, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். காலமெல்லாம் ரப்பர் பால்வெட்டிய முட்டிக்கு, புது அறையைவிட அது உதவும்.

நாங்கள் கட்டுவதற்குப் பக்கத்து வீட்டார் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். உங்கள் தூண் அவர் சுவரில் ஏறும், அல்லது உங்கள் கூரைத் தண்ணீர் அவர் வீட்டில் விழும். இரண்டும் நியாயமான அச்சம். உங்கள் சுவரும் தூணும் உங்கள் எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பதையும், கூரையோரப் பீலியும் குழாயும் தண்ணீரை உங்கள் சாக்கடைக்கே கொண்டுபோகும் என்பதையும் பிளானில் விரல் வைத்துக் காட்டுங்கள். அப்படியும் ஒப்பவில்லையென்றால் நகராண்மைக் கழக அதிகாரியிடம் கேட்ட பிறகே அடுத்த அடி. வாங்குவதற்கு முன்பே இரண்டு பக்கத்தாரையும் போய்ப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

கான்ட்ராக்டர் பாதிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? நடுவில் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது?

பாதியை முன்னதாகக் கொடுக்காதீர்கள். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, சுவர் முடிந்தால் இவ்வளவு, கூரை முடிந்தால் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தொகையை, நல்ல மழை ஒன்று பெய்து பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் இடம் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பைலிங், பீலி, வயரிங், குப்பை அகற்றுவது எல்லாம் விலைக்குள் அடங்கியதா என்பதும் தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "எல்லாம் அடக்கம்தான்" என்பது தாளில் இல்லாவிட்டால் இல்லை.

விட்டுவிட்டுப் போனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்கு மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே கேட்பது ஒப்பந்தம், ரசீது, படங்கள். ஆகவே பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், கையில் கொடுத்தால் அன்றைக்கே ரசீது வாங்குங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள், சிமெண்டு ஊற்றுவதற்கு முன் கம்பி கட்டிய நிலையையும் சேர்த்து.